ஒட்டுக்குக் கீழே

மீட்டர் அக்கா வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரே மரத்தில் மூன்று ஊர் வானிலை நடக்கிறது. மேற்குக் கிளையில் வருஷத்துக்கு நான்கு மாதம் பனி விழும், அதுவும் எங்களுக்கு வெயில் மண்டையைப் பிளக்கிற மாதங்களில். தெற்குக் கிளையில் எந்நேரமும் சாரல். கிழக்குக் கிளையில் சுடுமணல் காற்று. அதன் கீழே துணி காயப்போட்டால் அரை மணியில் அட்டை மாதிரி விறைத்துவிடும், ஆனால் நான்கு தடவை உதறாமல் உடுத்த முடியாது. மழை அளக்கும் இலாகாவிலிருந்து ஒருவர் வந்து தெற்குக் கிளைக்குக் கீழே குவளையை வைத்தார். இரண்டு நாள் கழித்து வந்து எட்டிப் பார்த்து, "இது எங்க ஊரு மழை இல்லீங்க, நான் எழுத முடியாது" என்று சொல்லிவிட்டுக் குவளையை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் மட்டும் வெயில் காலத்தில் தெருவைக் கடந்து வந்து, கொல்லைச் சுவர் மேலாகப் பாத்திரத்தை நீட்டி இரண்டு கை பனி அள்ளிக்கொண்டு போவார்.

மரத்தை உண்டாக்கியவர் அவளுடைய அப்பா. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. கை நடுங்காத மனிதர். பேச்சும் அப்படித்தான், அளந்து தேய்த்துத்தான் வெளியே வரும். ஒட்டுக் கட்டுவது எப்படி என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்த நாளிலிருந்து அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கொல்லையில் பென்சில் தடிமனுக்கு ஒரு நாரத்தைக் கன்று நின்றது. நல்ல வேர். பெரிய மகன் பிறந்த வாரம் அதன் பட்டையில் குறுக்கே ஒரு கீறல், நடுவிலிருந்து கீழே ஒரு கீறல் போட்டு, கடைக் கத்தியாலேயே பட்டையைத் தூக்கி, ஆரஞ்சு மொட்டு ஒன்றைச் செருகி நாடா சுற்றினார். மூன்று வாரம் கழித்து மொட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இலைக்காம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டதும் உதிர்ந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டே இருந்தால் மொட்டு செத்துவிட்டது. ஆரஞ்சுக் காம்பு உதிர்ந்தது. உடனே மொட்டுக்கு மேலே இருந்த நாரத்தையின் தலையை ஒரே வெட்டாக வெட்டிச் சுவருக்கு வெளியே எறிந்தார். அந்த வாரம் மூன்று வயதான மூத்த மகளுக்கு, இன்றைய மீட்டர் அக்காவுக்கு, பேச்சு நின்றுபோனது. பத்து மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. தம்பி பிறந்த பொறாமை, வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

அதே தண்டின் தெற்குப் பக்கம் இளைய மகளுக்கு எலுமிச்சை, கிழக்குப் பக்கம் சின்ன மகனுக்குப் பம்பளிமாஸ். எல்லாம் பிடித்தன. மூத்தவளுக்கு மட்டும் ஒன்றும் பிடிக்கவில்லை. நான்கு தடவை வைத்துப் பார்த்தார், நான்கு தடவையும் காம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டே நின்றது. அவள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். "உனக்கு அப்புறம் பாக்கலாம்மா" என்று அப்பா சொன்னார். அந்த அப்புறம் வருவதற்குள் அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்தாள், சின்னத் தம்பிக்கு அப்போது நான்கு வயது. மூத்தவள் மூன்று பேருக்கும் தலை வாரினாள், சட்டைக்குப் பித்தான் தைத்தாள், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். அவளுடைய இருபத்தொன்பதாவது வயதில் அப்பாவும் போனார். போகும்போது அவளிடம் கவாத்துக் கத்தரியைக் கொடுத்து ஒரே ஒரு புத்தி சொன்னார். ஒட்டுக்குக் கீழே வருகிற தளிர் எதையும் விட்டுவைக்காதே. "அது முரடு. விட்டா மேல இருக்கறதையெல்லாம் தின்னுடும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாத்துப் பிடுங்கிடு." அவர் உயிரோடு இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே அதைச் செய்துவந்தார்.

பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பெரிய தம்பிக்குப் பூமியின் அடிக்கோடியில் ஒரு துறைமுகத்தில் கப்பல் செப்பனிடும் வேலை. அவன் போய் இறங்கிய மறுநாள் ஆரஞ்சுக் கிளையில் முதல் பனி விழுந்தது. தங்கை கல்யாணமாகி மழை ஓயாத ஒரு கடலோர ஊருக்குப் போனாள். சின்னத் தம்பி பாலைவனத்தில் குழாய் பதிக்கிற கம்பெனியில் சேர்ந்தான். ஐந்து அறை வீட்டில் மூத்தவள் ஒருத்தி மட்டும். குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை அவளுக்கு. மீட்டர் முள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே அந்த வீட்டில் எத்தனை பேர், யார் புதிதாக வந்திருக்கிறார்கள், யார் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். தன் வீட்டு மீட்டரை மாதக் கடைசியில்தான் பார்ப்பாள். முள் நகர்ந்திருக்கிறதா என்று கண்ணாடியைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த வீட்டில் போன் அடித்தால் மரத்துக்குத்தான் அடிக்கும். கிளைக்கும் ஆளுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது சில வருஷத்திலேயே தெரிந்துவிட்டது. எலுமிச்சைக் கிளையில் அசுவினிப் பூச்சிக்கு மருந்தடித்த அன்றைக்கே தங்கையின் இரண்டு பிள்ளைகளுக்கும் தலையில் பேன் ஒழிந்தது. ஆரஞ்சில் காய்ந்த குச்சிகளைக் கழித்த மாதம் பெரிய தம்பிக்குப் பித்தப்பைக் கல் தானாகக் கரைந்தது, டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் படத்தைச் சந்தேகப்பட்டார்கள். ஒருமுறை தப்பான பருவத்தில் ஒரு கொம்பை அவள் கழித்துவிட, அவன் பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்தான். அன்றிலிருந்து அவள் கத்தரியை வெந்நீரில் அலசாமல் மரத்தைத் தொடமாட்டாள். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே, தண்ணீர் தங்காதபடி சாய்வாக ஒரே வெட்டு. வெட்டின இடத்தில் பூஞ்சை பிடிக்காதபடி போர்டோ பசை. குழந்தைக்குக் காயம் துடைப்பது போலத்தான் தடவுவாள். "அக்கா, என் பக்கம் காய் ஜாஸ்தியா? முதுகு விட்டுப்போகுது, ஒரு கழி முட்டுக் குடு" என்பாள் தங்கை. "அக்கா, இலை சுருளுதா பாரு, ரெண்டு நாளா காது அடைச்சுக்கிட்டே இருக்கு" என்பான் சின்னவன். அவளும் பார்ப்பாள், செய்வாள். நீ எப்படி இருக்கே என்று யாரும் கேட்டதில்லை. கெட்ட பிள்ளைகள் என்று சொல்லிவிட முடியாது. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு அது வலித்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையில் மீட்டர் அக்கா ஆள் தெரிவது குறைந்துகொண்டே வந்தது. இது திடீரென்று நடந்த காரியம் இல்லை. சின்ன வயதிலேயே வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கும்போது வாரத்தில் இரண்டு நாளாவது அவள் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். அவளை விரும்புவதாகச் சொன்ன ஒரே ஆள் நூலகத்தில் வேலை செய்தவன். ஒரு சாயங்காலம் பூங்காவில் சந்திக்கலாம் என்று சொல்லியிருந்தான். அவளுக்கு எதிர் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வரவே இல்லையே என்று முகம் வாடி எழுந்து போனான். கூப்பிட்டாள். காற்று என்று நினைத்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக. பஸ்ஸில் கண்டக்டர் அவளைத் தாண்டிப் போய்ப் பக்கத்து சீட்டுக்கு டிக்கெட் கொடுத்தார். அவள் உட்கார்ந்திருந்த சீட்டில் ஒரு தடியர் அவள் மடி மேலேயே உட்கார்ந்து, சீட்டு ஏன் இப்படிச் சுடுகிறது என்று திட்டினார். அலுவலகத்தில் எடுத்த குரூப் போட்டோவில் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி மட்டும் விழுந்திருந்தது. கண்ணாடியில் அவளுக்கு அவள் நன்றாகவே தெரிந்தாள். அதனால் குறை தன்னிடம் இல்லை, மற்றவர்களுக்கு அவசரம் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. போன வருஷம் தெருவில் ஒரு புரோக்கர் வந்து அந்த வீட்டைப் பற்றி விசாரித்தபோது, யாரும் இல்லாத வீடு என்றே நாலு பேர் சொன்னோம். தையல்காரர் ஒருத்தர்தான், "இல்லியே, அக்கா இருக்காங்களே" என்று இழுத்தார். அவரும் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டார். புரோக்கர் கேட்டில் 'வீடு காலி' என்று பலகை மாட்டிவிட்டுப் போனார். அவர் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டுக்கு உள்பக்கம் நின்று, "நான் இருக்கேன் சார், நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். பின்னால் அவளே சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் பம்பளிமாஸ் கிளையில் பிசின் வடிய ஆரம்பித்தது. பாலைவனத்தில் சின்னத் தம்பிக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. அவள் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்துவிட்டு நர்சரிக்காரருக்குச் சீட்டு எழுதி அனுப்பினாள். மரத்தைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். அவள் அந்த வாரத்துத் தளிர்களை இன்னும் பிடுங்கவில்லை. பிசின் வடிந்த இடத்தைச் சுரண்டி, பசை பூசி, "இது பிழைச்சுக்கும்" என்றார். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து ஒட்டுக்குக் கீழே பார்த்தார். அங்கே நாரத்தைத் தளிர்கள் இரண்டு, கட்டைவிரல் நீள முள்ளோடு, நேராக நின்றன.

"வேர்ச்செடிக்கு நாப்பத்தொம்பது, அம்பது வயசு இருக்கும்மா" என்றார். "மேல இருக்கறதெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்தது. இவ்வளவு வருஷம் கழிச்சும் எப்படித் துளிர்க்குது பாருங்க, ரோஷக்காரச் செடி. வழக்கமா ரெண்டு மூணு வருஷம் பிடுங்கினா அடங்கிடும்."

சொல்லிக்கொண்டே தளிர்களில் ஒன்றைப் பிடித்து முறுக்கிப் பிடுங்கினார். அவளுக்கு விலாவில் சுருக்கென்றது. அவர் தளிரைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவளை நேராகப் பார்த்தார். அப்புறம் இடது பக்கம், வலது பக்கம். "அம்மா? எங்க போயிட்டீங்க?" என்றார். அவள் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள். "இங்கதான் இருக்கேன்" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் நாற்பத்தொன்பதுதான். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் யாரோ கொடுத்த நாரத்தம்பழத்தின் விதையை வீட்டுக்கு வந்து புதைத்ததாக அப்பா எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அந்த விதைதான் இது. அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கண்ணுக்கு முன்னால் பென்சில் தடிமனில் நல்ல வேரோடு ஒரு கன்று நின்றால், ஒட்டுக் கட்டத் தெரிந்தவன் கை அதைத்தான் தேடும். இது எந்த நாளில் போட்ட விதை என்று எந்தக் கத்தி கேட்கும்? மரமே அவளுடையதாக இருக்கும்போது அவளுக்கென்று தனியாக வைத்த மொட்டு எப்படிப் பிடிக்கும்? இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல், கத்தரியை வெந்நீரில் அலசி, தன்னைத்தானே அவள் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தளிர். அதையும் பிடுங்கினால் அடுத்த வாரம் அந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். விட்டுவைத்தால் மேலே இருக்கிற மூன்று பேரும் பட்டினி. அப்பா சொன்னது பொய் இல்லை. மரம் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அன்றைக்கே மூன்று பேருக்கும் போன் போட்டாள். எது எப்படி என்று அவள் சொல்லவில்லை. ஒட்டுக்குக் கீழே ஒரு தளிர் வந்திருக்கிறது, இந்தத் தடவை விட்டுவைக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

"லைன் சரியில்லக்கா, தூரத்துல பேசற மாதிரி இருக்கு" என்றான் பெரிய தம்பி. "அதெல்லாம் எதுக்கு? வெட்டித் தள்ளு. அப்பா சொன்னபடியே செய், புதுசா ஒண்ணும் பண்ணாதே."

தங்கை பாதிதான் கேட்டாள் போலிருக்கிறது. "தளிரா? என் கிளையிலதானே? ஐயோ, நல்லாப் பாத்துக்கோக்கா" என்றாள். சின்னத் தம்பியை அவள்தான் தூக்கி வளர்த்தாள். காய்ச்சலில் கிடந்தபோது அவள் கை பட்டால்தான் தூங்குவான். அவன் போனை எடுத்து, "யாரு? ஹலோ, யாரு பேசறது?" என்று மூன்று தடவை கேட்டான். "நான்தான்டா, அக்கா" என்று மூன்று தடவையும் சொன்னாள். "ராங் நம்பர் போல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கத்தரியை வெந்நீரில் அலசினாள். ரம்பத்தையும் அலசினாள். தளிரைத் தொடவில்லை. ஏணியைப் போட்டு மேற்குக் கிளையில் ஏறி, பனியைத் தட்டிவிட்டு, ஆரஞ்சில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாள். இறங்கி, ஏணியை நகர்த்தி, சாரலில் நனைந்துகொண்டே எலுமிச்சையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே வேர் நான்கு பேருக்குச் சோறு போட வேண்டுமென்றால் மூன்று பேரும் இலையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளத்தான் வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கோபத்திலும் ஒரு வெட்டுக்கூடத் தப்பவில்லை. எல்லாம் சாய்வு, எல்லாவற்றிலும் பசை. பம்பளிமாஸிடம் வந்தபோது மட்டும் கை ஓடவில்லை. சுடுமணல் கண்ணில் விழ, கிளையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "பொறுத்துக்கோடா" என்று சொல்லிவிட்டு வெட்டினாள்.

துறைமுகத்தில் பெரிய தம்பியின் பேன்ட் எல்லாம் இடுப்பில் தொளதொளத்தன. அவனுடைய கோபத்திலும் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனதால் மனைவி டாக்டரிடம் போகவேண்டாம் என்றாள். தங்கைக்கு எந்தப் பேச்சும் மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிட, அந்தப் பக்கம் இருப்பவர்கள் முதல் தடவையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். யாரும் சாகவில்லை. இங்கே நாரத்தைத் தளிர் முதல் மாதம் முழங்கால், மூன்றாவது மாதம் இடுப்பு, வருஷம் முடிவதற்குள் அவள் உயரம் வந்துவிட்டது, உடம்பெல்லாம் முள்ளோடு. அதன் மேல் எங்கள் ஊர் வெயில்தான் விழுந்தது. தளிர் முழங்கால் உயரம் இருந்தபோது ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டர் அவள் பக்கம் திரும்பி, "ஏம்மா, கேக்கறது காதுல விழலயா? டிக்கெட்!" என்று அதட்டினார். அவள் சில்லறை கொடுத்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று ஸ்டாப் சும்மா உட்கார்ந்து போனாள். திரும்பி வந்து கேட்டில் இருந்த பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தாள்.

சின்னத் தம்பி கூப்பிட்டது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் போனை மரத்தடிக்கு எடுத்து வந்து பேசினாள்.

"அக்கா, எனக்கு என்னமோ குறைஞ்ச மாதிரியே இருக்கு. கிளையைக் கொஞ்சம் பாரேன்."

"பாத்தேன்டா. நான்தான் குறைச்சேன்."

"ஏன்?"

அவள் சொன்னாள். விதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். அவள் பேசப் பேச மணல் காற்றுச் சத்தமும் கூடவே கேட்டது. போனிலா, கிளையிலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"வலிச்சுதாக்கா?" என்றான்.

"வலிச்சுது" என்றாள். "ரொம்ப வலிச்சுதுடா. ஒருத்தரும் கேக்கல."

பிறகு அழுதாள். நாற்பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் அவள் அழுது நாங்கள் கேட்டதில்லை. அன்றைக்குத் தெருமுனை வரைக்கும் கேட்டது. தையல்காரர் மெஷினை நிறுத்தினார். குழாயடியில் இருந்தவர்கள் குழாயை மூடினார்கள். யாரும் சுவர் மேலாக எட்டிப் பார்க்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று அவரவர் நின்ற இடத்தில் நின்றோம். அரை மணி கழித்து அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னக்கா, சத்தம் பலமா இருந்துச்சே" என்றார் தையல்காரர்.

"இனிமே இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

சரி என்றோம்.